பீரோவுக்குள்ள அடிச்ச போன்

உக்காருங்கம்மா. அந்தப் பையை இங்கிட்டுத் தள்ளிக்கிறேன், அதுல ஒண்ணுமில்ல, சேலைதான். பெட்டி மேல கிடக்கு. காரைக்குடிக்கா? நானும் அங்கதான், தம்பி வீட்டுக்கு. இந்த பஸ்ஸு ஊர் ஊரா நின்னு நின்னுதான் போகும், பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இருந்தா நல்லது. காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டீங்க பாருங்க, அதான் வளர்ப்பு. இப்ப உள்ளதுக எங்க கழட்டுது? நம்ம தொண்டை கிழியக் கத்தணும், அதுக பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கும்.

நான் இதை விளையாடிக்கிட்டேதான் பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. காது உங்ககிட்டதான் இருக்கும்.

இதுவா? இது கேம் இல்லங்க. பழம் அடுக்குறது. இந்தா, மூணு ஆரஞ்சு ஒரு வரிசையில வந்துச்சுன்னா டப்புனு மறைஞ்சிரும். அவ்வளவுதான் சங்கதி. மூளைக்கு நல்லதாம், எங்க காலேஜுக்கு கிளாஸ் எடுக்க வந்த ஒரு டாக்டரே சொன்னாரு. கேம்ங்கிறது வேற. கேம்னா துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஓடுறது, சுடுறது, “பின்னாடி வர்றான்டி, போடு போடு”ன்னு கத்துறது. நர்சுக்குப் படிக்கிற பிள்ளைக, நாளைக்கு உசுரைக் காப்பாத்தப் போறதுக, கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு “செத்தான்டி”ன்னு கை தட்டுதுக. என் கண்ணால பாத்தது.

நான் வார்டனா இருந்தேன். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சிங் காலேஜ், அதோட லேடீஸ் ஹாஸ்டல். சந்தானலட்சுமின்னா அங்க எல்லாருக்கும் தெரியும். முன்னாடி மரியாதையா மேடம்பாங்க, பின்னாடி ஜெயிலர்ம்பாங்க. சொல்லிட்டுப் போறாங்க. இருந்தேன்னு சொல்றேன்ல, கவனிச்சீங்களா? இப்ப இல்ல. அனுப்பிட்டாங்க. எதுக்குன்னு கேளுங்க. ரூலை மதிச்சதுக்கு! இந்த உலகத்துல யாருக்காச்சும் இப்படி நடக்குமா? நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நான் சொல்றேன், முழுசாக் கேட்டுட்டு சரியா தப்பான்னு நீங்களே சொல்லுங்க.

அந்த ரூல் நான் போட்டதில்ல, அதை முதல்ல மனசுல வச்சுக்கங்க. கரஸ்பாண்டன்ட் சார் போட்டது. போன வருஷம் ரெண்டாம் வருஷத்துப் பிள்ளை ஒண்ணு, இந்தத் துப்பாக்கி கேம் இருக்குல்ல, அதுக்குள்ளயே பேசிக்கலாமாம். பேசி, பழகி, எவனோ ஒருத்தன் கூட ஓசூருக்குப் போயிருச்சு. முகத்தையே பாக்காம! சுடுறதுக்குத் துணையா வந்தவன் வாழ்றதுக்கும் வருவான்னு நினைச்சிருச்சு போல. அப்பன்காரன் வந்து காலேஜ் வாசல்ல மண்ணை அள்ளித் தூத்துறான். கரஸ்பாண்டன்ட் சார் என்னைய நிக்க வச்சு, அத்தனை பேருக்கு முன்னாடி, “நீங்க என்ன புடுங்கிட்டு இருந்தீங்க”ன்னு கேட்டாரு. அந்த வார்த்தையைத்தான் கேட்டாரு. என் வயசுக்கு. நான் அழுதுக்கிட்டே ரூமுக்குப் போனேன்.

அன்னிக்கு வந்ததுதான் ரூலு. பரீட்சைக்கு லீவு விடுறாங்கல்ல, அந்த ஸ்டடி லீவு முழுக்க யார் கையிலயும் போன் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வாங்கி வார்டன் ரூமு பீரோவுல வச்சுப் பூட்டணும். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் கொடுக்கணும், பேசிட்டுத் திருப்பிக் கொடுத்துரணும். அவசரம்னா? அவசரம்னா பெத்தவங்க வார்டனுக்குப் பேசலாம், என் நம்பரை எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கு. இதுல என்ன தப்பு இருக்கு? முன்னெல்லாம் போனா இருந்துச்சு? படிக்கலையா, பாஸாகலையா?

நாகஜோதின்னு ஒரு பிள்ளை. மூணாம் வருஷம். சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்ல. அம்மா பட்டாசு ஆலையில வேலை பாக்குது. நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்ல மாட்டேன். பாத்ரூம்ல வாளியைக் கவுத்து வச்சுட்டு வர்ற ஒரே பிள்ளை அதுதான். எனக்குத் தலைவலின்னா தைலம் தேய்ச்சு விடும். ஆனா பிடிவாதம்னா பிடிவாதம்.

அது என்ன செய்யும்னா, அதோட போன்ல மணிச்சத்தம் வைக்காது, பாட்டும் வைக்காது. அதோட அம்மா பேசுனதைப் பதிவு பண்ணி அதையே வச்சிருந்துச்சு. அம்மா கூப்பிட்டா அந்தம்மா குரலே கேக்கும். “ஏ ஜோதி, அம்மா பேசுறேன், போனை எடு தாயி, எங்கடி போன, எடு தாயி”ன்னு. மொதத் தடவை கேட்டப்ப நான் யாரோ வாசல்ல வந்து நிக்கிறாங்கன்னு எந்திரிச்சே போயிட்டேன். பிள்ளைக எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குதுக. எதுக்கு எதை வைக்கிறதுன்னு ஒரு வரைமுறை வேணாமா? பெத்தவ குரலைக் கொண்டுபோய் மிஷினுக்குள்ள போட்டு வைக்கிறது எனக்கு அப்பவே பிடிக்கல.

ஸ்டடி லீவுல மொத ஞாயித்துக்கிழமை. போனைக் கொடுத்தாச்சு. எல்லாம் வராண்டாவுல அங்கங்க நின்னு பேசுதுக. இது என் ரூமுக்கு வெளியில படியில உக்காந்து பேசுது. பேச்சா அது? சண்டை. அந்தம்மா பட்டாசுக் கட்டு கட்டுற இடத்துலதான் இருந்திருக்கு, இப்ப வெடிமருந்து கலக்குற ரூமுக்கு மாறப் போகுதாம். அங்க கூலி கூட. இந்தப் பிள்ளைக்கு ஆவேசம் வந்திருச்சு. “அந்த ரூமுக்குள்ள நீ போனேன்னா இனிமே நான் உன்கூடப் பேசவே மாட்டேன். நீ அடிச்சாலும் எடுக்க மாட்டேன். எனக்கு அம்மாவே இல்லன்னு நினைச்சுக்கிறேன்”ன்னு சொல்லிட்டுப் பட்டுனு வச்சிருச்சு. நான் என் காதால கேட்டேன். பெத்த தாயிட்டப் பேசுற பேச்சா?

கொஞ்ச நேரம் உக்காந்து அழுதுச்சு. அழுது முடிச்சுத் திரும்ப அம்மாவுக்கு அடிக்கப் போகுது, அப்ப பாத்து நேரம் முடிஞ்சு போச்சு. நான் கையை நீட்டிட்டேன்.

“மேடம், ஒரே ஒரு நிமிஷம். சண்டை போட்டுட்டேன் மேடம். சும்மாத்தான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிர்றேன்.”

நான் சொன்னேன், “சண்டை போடுறப்ப நேரத்தைப் பாத்திருக்கணும் ஜோதி. உனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தா அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு நிமிஷம்பாளுக.” தப்பா? ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு ஒண்ணுன்னு ஓரவஞ்சனை பண்றது எனக்கு ஆகாது. எங்க வீட்டுல எனக்குப் பண்ணுனாங்க, அந்த வலி எனக்குத் தெரியும். தம்பிக்குத் தோசை, எனக்குப் பழைய சோறு. இப்ப அந்தத் தம்பி வீட்டுக்குத்தான் போறேன், அது வேற கதை, விடுங்க.

கொடுத்துருச்சு. ஆனா அணைக்கல. மத்த பிள்ளைக எல்லாம் அணைச்சுத்தான் கொடுக்கும். ஏன்டி அணைக்கலைன்னு கேட்டா, “அம்மா கூப்பிட்டா அடிக்கட்டும் மேடம். நான் எடுக்காட்டியும் மணியாவது போகட்டும். அணைச்சு வச்சிருந்தா நெசமாவே கோவம்னு நினைச்சுக்கும். முடிஞ்சா நீங்க எடுத்து, பிள்ளைக்குக் கோவம் இல்லன்னு மட்டும் சொல்லிருங்க மேடம்”னுச்சு. நான் என்ன அது வீட்டு டெலிபோன் ஆபரேட்டரா? சரி சரின்னு வாங்கி வச்சேன். சார்ஜ் இறங்குனா தானா அணைஞ்சிரும்னு பாத்தேன். அது பின்னாடியே வந்து சார்ஜரையும் சொருகி விட்டுட்டுப் போயிருக்கு, பீரோவோட பின்பக்கம் ஒயர் போற ஓட்டை ஒண்ணு இருக்கு, அது வழியா. அதான் சொன்னேனே, பிடிவாதம்.

அந்த வாரம் பூரா என் பின்னாடியே திரிஞ்சுச்சு. சாப்பிட வரும், “மேடம்”ங்கும். தண்ணி பிடிக்க வரும், “மேடம், அம்மா கூப்பிட்டுச்சா”ங்கும். நான் வாயையே திறக்க மாட்டேன். இளகிட்டோம்னா அவ்வளவுதான், தலையில ஏறி உக்காந்துக்குவாளுக. கூப்பிடலைங்கிறதுதான் நெசமும். அந்தம்மாவுக்கும் கோவம் இருக்கும்ல?

இருங்க, இது முடியப் போகுது... ஆங், போச்சு. ஒரு உசுரு போச்சு. ஒண்ணுமில்லம்மா, இதுல அஞ்சு உசுரு கொடுப்பான். தோத்தா ஒண்ணு போகும். கொஞ்ச நேரம் காத்திருந்தா அவனே திருப்பிக் கொடுத்துருவான்.

எங்க விட்டேன்? ஆங், அந்த சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, போன் கொடுக்கிற நாள். திங்கக்கிழமை பரீட்சை. பிள்ளைக எல்லாம் மாடியில படிப்பு ஹால்ல இருக்கு. காலேஜ் ஆபீஸு சனிக்கிழமை அரை நாள்தான், மத்தியானமே பூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் சாப்பிட்டு, ரூமுல உக்காந்து இதை எடுத்தேன்.

இதுல சனி ஞாயிறு போட்டி நடக்கும். தனியா ஆடுறது இல்ல, டீம். எங்க டீமுல யார் யாரோ இருக்காங்க, எனக்கு முகம் தெரியாது. மலேசியாவுல ஒரு அம்மா, சேலத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு. நான்தான் அதுல நல்லா அடிக்கிற ஆளு. என்னைய நம்பி அத்தனை பேரு இருக்காங்க. நடுவுல நான் எந்திரிச்சுப் போயிட்டா அத்தனை பேருக்கும் பாயின்ட் போயிரும். அது துரோகம் இல்லையா? நீங்களே சொல்லுங்க. நம்புன ஆளை நட்டாத்துல விடுறது எனக்கு எப்பவுமே வராது.

ஆடிக்கிட்டு இருக்கேன், மேல ஒரு செய்தி வந்து விழுது. சாத்தூர் அருகே பட்டாசு ஆலையில வெடி விபத்துன்னு. இந்த நியூஸ்காரங்களுக்கு நேரங்காலமே கிடையாது, ஆட்டத்தை மறைச்சுக்கிட்டு வந்து நிக்கும். தள்ளி விட்டேன். வருஷா வருஷம் நடக்குறதுதானம்மா அங்க. நம்ம என்ன செய்ய முடியும், பாவம்னு நினைச்சுக்கிட்டேன். அதுவும் நினைக்காம இல்ல.

அப்புறம் ஒரு நம்பர் வருது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரை எடுக்கலாமா? நீங்க யாருக்குப் போன் போட்டாலும் முதல்ல ஒரு பொம்பளை வந்து எச்சரிக்கை பண்றாள்ல, ஏமாந்துறாதீங்க, ஜாக்கிரதைன்னு? எங்க மெஸ்ஸு மேனேஜருக்கு அப்படித்தான் ஒருத்தன் போலீஸுன்னு பேசி, உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, உள்ள கஞ்சா இருக்குன்னு மிரட்டி, மனுசன் ரூமைப் பூட்டிக்கிட்டு நாள் பூரா வெளிய வரலை. அதனால நான் எடுக்கிறதே இல்ல. தள்ளி விட்டேன். திரும்ப வந்துச்சு. திரும்பத் தள்ளுனேன். இந்த மோசடிக்காரங்களும் ஒரு தடவையோட விடுறதில்ல.

அந்த நேரம் பாத்து பீரோவுக்குள்ள இருந்து ஆரம்பிச்சிருச்சு. “ஏ ஜோதி, அம்மா பேசுறேன், போனை எடு தாயி.”

ஒரு தடவை முழுசா அடிச்சு நின்னுச்சு. ஒரு மூச்சு விட்டுட்டு மறுபடியும். “எங்கடி போன, எடு தாயி.” மறுபடியும். மறுபடியும். சரி, நாளைக்குத்தான் ஞாயித்துக்கிழமைன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதா? இன்னிக்கு எதுக்கு இந்தப் பாடு படுத்துதுன்னு எனக்கு எரிச்சலா வருது. ஆட்டம் வேற ரொம்ப இக்கட்டான இடத்துல நிக்குது. இரும்பு பீரோ வேற, உள்ளுக்குள்ள இருந்து கேக்குறப்ப ஏதோ ஒரு பொம்பளையை உள்ள வச்சுப் பூட்டுன மாதிரி இருக்கு. தலை வெடிச்சிரும் போல ஆயிருச்சு.

எந்திரிச்சேன். திறந்தேன். அதை அணைக்கலாம்னு பாத்தா எங்க அழுத்துறதுன்னு தெரியல, ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு மாதிரி. எடுத்துருவோம்னுகூட ஒரு நினைப்பு வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, வந்துச்சு. ஆனா எடுத்தா அந்தம்மா பேசும், பிள்ளையைக் கூப்பிடுங்கும், நான் மாடிக்குப் போகணும், ஒருத்தி பேசுறதைப் பாத்து எல்லாவளும் வந்து நிப்பாளுக. ரூலு அன்னிக்கே செத்துச்சு. அதான், கீழ்த்தட்டுல கம்பளி கிடந்துச்சு, அதுக்குள்ள சுத்தி வச்சுப் பூட்டிட்டேன். சத்தம் அமுங்கிப் போச்சு. அப்பவும் லேசாக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா வார்த்தை புரியாது.

நாலு மணி டீக்குப் பிள்ளைக இறங்கி வந்துச்சு. இது நேரா என் ரூமு வாசலுக்கு வந்து நிக்குது. கையில டம்ளர்.

“மேடம், அம்மா கூப்பிட்டுச்சா? மாடியில எனக்கு அம்மா சத்தம் கேட்ட மாதிரியே இருந்துச்சு.”

“பிரமை. படிச்சுப் படிச்சுக் காது அடைச்சுப் போயிருக்கு. போய் டீயைக் குடி.”

“நெசமாவே அடிக்கலையா மேடம்?”

“அடிக்கல.”

பொய்தான். ஆனா அது என்ன பொய்? திங்கக்கிழமை பரீட்சையை வச்சுக்கிட்டு, அடிச்சுச்சுன்னு சொன்னா அது படிக்குமா? ராத்திரி பூரா உக்காந்து அழும். அது நல்லதுக்குச் சொன்னது. பிள்ளை படிக்கட்டும்னு சொல்ற பொய்யெல்லாம் பொய்யில சேர்த்தியா? நீங்க பிள்ளை பெத்தவங்களான்னு தெரியல, பெத்திருந்தா புரியும். நான் பெக்கல, எனக்கே புரியுது.

அது நின்னுக்கிட்டே இருந்துச்சு. “ஒரு தடவை நானா அடிச்சுப் பேசிட்டுக் கொடுத்துர்றேன் மேடம். அம்மாகிட்ட அப்படிப் பேசிட்டு எனக்கு ஒரு வரி மண்டையில ஏற மாட்டேங்குது. உங்க முன்னாடியே பேசுறேன்.” கண்ணுல தண்ணி நிக்குது. நான் தலையை நிமிராமலே சொன்னேன், விடிஞ்சா ஞாயித்துக்கிழமை, அப்படி என்ன குடி முழுகிப் போகுதுன்னு. போயிருச்சு. நானும் அந்த ரவுண்டை ஜெயிச்சேன். சேலத்து வாத்தியாரு எனக்குக் கைதட்டுற படம் அனுப்புனாரு.

என்னம்மா, தண்ணி வேணுமா? முகம் ஒரு மாதிரி ஆயிருச்சே. இந்த பஸ்ஸு ஆட்டுற ஆட்டத்துக்கு எனக்கும் கொமட்டத்தான் செய்யுது. எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாருங்க.

ஞாயித்துக்கிழமை காலைல வரிசையா நிக்க வச்சுப் போனைக் கொடுக்கிறேன். ஜோதி மொத ஆளா வந்து நிக்குது. கம்பளிக்குள்ள இருந்து எடுக்குறதைப் பாத்துக்கிட்டே கையை நீட்டுச்சு. வாங்கிப் பாத்துச்சு. பாத்ததும் அந்த முகத்துல வந்துச்சு பாருங்க ஒரு சிரிப்பு! ஒரு வாரமா சிரிக்காத பிள்ளை. “மேடம், அம்மா எத்தனை தடவை கூப்பிட்டிருக்கு பாருங்க! கோவமே இல்ல மேடம் அம்மாவுக்கு. நேத்து மத்தியானம் பூரா கூப்பிட்டிருக்கு!” என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்குது. நான் அடிக்கலைன்னு சொன்னதுகூட அதுக்கு ஞாபகம் வரலை, அவ்வளவு சந்தோசம். பக்கத்துல நின்ன பிள்ளைககிட்ட எல்லாம் காட்டுது. “பாருடி, பாருடி, எங்கம்மாவைப் பாருடி”ன்னு.

உடனே அம்மாவுக்கு அடிச்சுச்சு. யாரும் எடுக்கல. திரும்ப அடிச்சுச்சு. “வேலைக்குப் போயிருக்கும் மேடம். இல்ல, இன்னிக்கு ஞாயிறுல்ல...” அப்படின்னு தனக்குத்தானே பேசிக்குது.

அப்பத்தான் கேட்டுல வாட்ச்மேன் கூட ஒரு ஆள் வந்து நிக்கிறாரு. வேட்டியெல்லாம் கசங்கி, கையில சாம்பல் மாதிரி ஏதோ கறை. அதோட தாய்மாமன். ஜோதி அவரைப் பாத்ததும், “மாமா, அம்மா வந்திருக்கா?”ன்னு சிரிச்சுக்கிட்டே ஓடுது. அந்த மனுசன் அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

சனிக்கிழமை காலைல மருந்து ரூமு வெடிச்சிருக்கு. அந்தம்மாவை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. உடம்பெல்லாம் வெந்து போச்சு, ஆனா புத்தி தெளிவா இருந்திருக்கு, பேச்சும் இருந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கு. டாக்டரு மாமன்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டாராம், பேச வேண்டியவங்க இப்பவே பேசிக்கங்கன்னு. அந்தம்மா வேற எதுவுமே கேக்கலையாம். ஜோதிகிட்டப் பேசணும், ஜோதிகிட்டப் பேசணும், அவ்வளவுதானாம். மாமன்தான் தங்கச்சி போன்ல இருந்து அடிச்சு அடிச்சுக் காதுல வச்சிருக்காரு. எனக்கு அவர் போன்ல இருந்து அடிச்சிருக்காரு. தனி ஆளு, விட்டுட்டு வரவும் முடியாது.

அவரு என்னைய ஏசுவாருன்னுதான் நானும் நின்னேன். ஏசல. ஜோதி தலையில கையை வச்சுக்கிட்டுச் சொல்றாரு. “கடைசியில என் கையைப் பிடிச்சுச் சொல்லுச்சு தாயி. ‘பிள்ளைக்கு இன்னும் கோவம் தீரல போலிருக்கு. எடுக்க மாட்டேன்னுதான் சொல்லுச்சு. விடுண்ணே, தொந்தரவு பண்ணாத, அது படிக்கட்டும்’னு.”

அந்தப் பிள்ளை கத்தவே இல்லம்மா. கத்தியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. கையில இருந்த போனையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்கும் வயிறு எரிஞ்சுச்சுங்க, நானும் பொம்பளைதான, கல்லா? அன்னிக்குச் சோறு இறங்கல. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தம்மா என்ன சொல்லியிருக்கு? தொந்தரவு பண்ணாத, படிக்கட்டும்னு சொல்லியிருக்கு. நான் என்ன வேற சொன்னேன்? அதையேதானே சொன்னேன்! பெத்தவளே சொல்லிட்டுப் போயிட்டா. இதை நான் அத்தனை பேர்கிட்டயும் சொல்றேன், ஒருத்தருக்கும் மண்டையில ஏற மாட்டேங்குது.

காரியமெல்லாம் முடிச்சு அது வந்துச்சு, சாமான் எடுக்க. பரீட்சை எழுதல, ஒரு வருஷம் போச்சு. அப்பத்தான் மத்த பிள்ளைக கூடிக்கிட்டுச்சு. மெஸ்ஸுல சாப்பிட மாட்டோம், வார்டன் போகணும்னு தரையில உக்காந்துட்டாளுக. எவளோ ஒருத்தி நான் அன்னிக்கு மத்தியானம் பூரா கேம் ஆடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லிட்டா. கேமாம்! கரஸ்பாண்டன்ட் சார் கூப்பிட்டாரு. ரூலைப் போட்ட அதே மனுசன். “மனிதாபிமானம்னு ஒண்ணு வேணாமா? எந்த நேரத்துல எதை மீறணும்னு தெரிய வேணாமா?”ன்னு கேக்குறாரு. போன வருஷம் எங்க போச்சு இந்த மனிதாபிமானம்? மீறுனாலும் நான்தான் குத்தவாளி, மீறாட்டியும் நான்தான். அதுல மட்டும் எனக்கு ஆறவே இல்ல.

ஜோதி அந்தக் கூட்டத்துல சேரல. பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வந்துச்சு. கால்ல விழுமோன்னு நினைச்சேன், இத்தனை வருஷம் பாத்துக்கிட்டோமேன்னு. “உங்க நம்பர் அதேதானே மேடம்? மாத்தலையே?”ன்னு மட்டும் கேட்டுச்சு. இல்லைன்னேன். போயிருச்சு.

மறுநாள் மத்தியானம் போன் வருது. எடுத்தேன். தெரிஞ்ச நம்பராச்சே. “என்ன ஜோதி, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா”ன்னு கேட்டேன், மனசாரத்தான் கேட்டேன். “ஒண்ணுமில்ல மேடம். அடிச்சா எடுக்குறீங்களான்னு பாத்தேன். எடுக்குறீங்க”ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு.

அதுல இருந்து தினம் வருது. தினமும் மத்தியானம் அதே நேரத்துக்கு. நான் எடுக்கிறதை விட்டுட்டேன். எடுக்காட்டி திரும்பத் திரும்ப அடிக்கும். இது கொடுமை இல்லையா? ஒரு வயசான பொம்பளையை இப்படிப் பண்ணலாமா? இதுக்குத்தான் சொல்றேன், இந்தப் போனைக் கண்டுபிடிச்சவனைச் சொல்லணும். அந்தக் காலத்துல ஒருத்தர் மேல வருத்தம்னா வாசப்படி மிதிக்காம இருப்பாங்க, அதோட முடிஞ்சுச்சு. இப்ப பாருங்க, எங்க போனாலும் கூடவே வருது.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும்னுதான் இவ்வளவும் சொன்னேன். ஒரு நம்பரை வரவே விடாம பண்ணலாமாமே? பிளாக்குன்னு. எனக்கு அது தெரியல, தம்பி மகன்கிட்டக் கேட்டா எதுக்கு ஏன்னு கேப்பான். இந்தாங்க, இதான் அந்த நம்பர். பண்ணிக் கொடுங்க.

ஏன் திருப்பிக் கொடுக்குறீங்க? தெரியாதா? காதுல இவ்வளவு பெருசு மாட்டியிருந்தீங்க, இது தெரியாதா?

இந்தா பாருங்க, சொல்லி வாயை மூடல. வந்திருச்சு. மணி பாருங்க, அதே நேரம். இல்லம்மா, நான் எடுக்க மாட்டேன். நீங்க ஏன் என் கையைப் பிடிக்குறீங்க? என்னத்தைப் பேசச் சொல்றீங்க? நான் என்ன தப்புப் பண்ணேன், மன்னிப்புக் கேக்க? எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க பாருங்க, கையை எடுங்க.

ஒண்ணுமில்ல கண்டக்டர் தம்பி, தெரிஞ்ச பிள்ளைதான். இப்படித்தான் அடிச்சுக்கிட்டே இருக்கும். விட்டுட்டா தானா நின்னுரும். அன்னிக்குப் பீரோவுல அடிச்சதும் அப்படித்தான், சாயங்காலம் வரைக்கும் அடிச்சுச்சு, அப்புறம் தானாவே நின்னுருச்சு.